15288, 12207 என்று எண்களாகப் பேசுகிறார்கள்: படித்தால் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் புரியுமா?

கேள்வி கேட்டவர் நான்கு வருடமாக வெப் அப்ளிகேஷன்களுக்குக் கோட் எழுதியவர். இப்போது ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் கலந்த ஒரு ப்ராஜெக்டில் போட்டிருக்கிறார்கள். மீட்டிங்கில் 15288, 12207, 29148 என்று எண்கள் பறக்கின்றன. சிஸ்டத்தையும் சாஃப்ட்வேரையும் உருவாக்கும் முறை பற்றி, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிடும் ஸ்டாண்டர்டுகளின் எண்கள் இவை. "இதையெல்லாம் படித்தால் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் துறை புரியுமா, இல்லை ஆடிட்டுக்குக் காட்டுகிற காகிதம்தானா? படிப்பதென்றால் எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

புரியும். நன்றாகவே புரியும். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் மூன்றாம் நாள் மூடி வைத்துவிடுவீர்கள். இந்த ஸ்டாண்டர்டுகள் பாடப்புத்தகமாக எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வாக்கியமும் எங்கோ யாரோ பட்ட அடிக்குப் பிறகு எழுதப்பட்டது. அடியைச் சொல்லாமல் முடிவை மட்டும் வறட்சியாகச் சொல்லும். அந்த அடி உங்களுக்கும் ஒன்று பட்டிருந்தால்தான் வாக்கியம் உயிர் பெறும். அதனால் நீங்கள் செய்து முடித்த ஒரு ப்ராஜெக்டை, அதில் சொதப்பிய ஓர் இடத்தை, கையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷின் ஒன்றுக்கு ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர், எழுதும் குழுவில் இருந்தேன். எங்களுக்கு வந்த ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்டில் (தேவை ஆவணத்தில்) ஒரு வரி: "ஒரு முறை சார்ஜ் போட்டால் பேட்டரி ஒரு நாள் தாங்க வேண்டும்." யாரும் அந்த வரியில் நின்று யோசிக்கவில்லை. டெஸ்ட் செய்தவர் ஒரு நாள் என்றால் எட்டு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டார். நிமிடத்துக்கு ஒரு டிக்கெட் வீதம் அடித்துப் பார்த்தார். பேட்டரியில் மிச்சம்கூட இருந்தது. பாஸ் என்று கையெழுத்தானது. பஸ்ஸில் ஏறிய இரண்டாம் நாளே, மதியம் மூன்று மணி வாக்கில் மெஷின்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின.

நேரில் போய்ப் பார்த்தோம். கண்டக்டரின் நாள் விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. பள்ளி, ஆபீஸ் நேரத்தில் வண்டி அடுத்த ஸ்டாப்பைத் தொடுவதற்குள் நாற்பது டிக்கெட் அடிக்கிறார். இந்த மெஷின் தாளைச் சூடாக்கித்தான் எழுத்தை வரவழைக்கிறது; பிரிண்ட் ஹெட் சூடாகும் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து பெரிய கரண்டை இழுக்கும். இதைவிடப் பெரிய விஷயம் டிப்போவில் இருந்தது. இரவு பதினொன்றரைக்கு மெஷினைக் கவுண்டரில் ஒப்படைக்கிறார்கள். மூன்றரைக்கு அடுத்தவர் வாங்கிக்கொண்டு போகிறார். நாங்கள் கொடுத்த சார்ஜிங் ரேக்கில் முழு சார்ஜ் ஏற ஆறு மணி நேரம் ஆகும். அதாவது எந்த மெஷினும் எந்த நாளும் முழு சார்ஜோடு வெளியே போகவே இல்லை.

திரும்பி வந்ததும் சண்டைதான். ஸ்கிரீன் லைட்டை அணைக்காமல் விட்டது ஃபர்ம்வேர் என்றார்கள் ஹார்டுவேர்காரர்கள். பேட்டரி சின்னது என்றோம் நாங்கள். டாக்குமெண்டில் இருந்ததைத்தான் டெஸ்ட் செய்தேன் என்றார் டெஸ்ட் செய்தவர். மூன்று பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் சண்டை முடியவில்லை.

பல மாதம் கழித்து, சீனியர் ஒருவர் ஐஎஸ்ஓ 15288-இன் பிரதியைக் கொடுத்து, "டெஃபனிஷன் பகுதியை மட்டும் படி" என்றார். 2015 பதிப்பில் சிஸ்டம் என்பதற்கு இருந்த விளக்கம் ஏறத்தாழ இது: சொல்லப்பட்ட நோக்கம் ஒன்றையோ பலவற்றையோ அடைவதற்காக ஒழுங்குபடுத்திய, ஒன்றோடொன்று வினைபுரியும் உறுப்புகளின் சேர்க்கை. அந்த உறுப்புகள் எவை? ஹார்டுவேர், சாஃப்ட்வேர், டேட்டா மட்டுமல்ல. மனிதர்கள், நடைமுறைகள், இடவசதிகள் எல்லாமே உறுப்புகள் என்கிறது. அப்படியானால் கண்டக்டர் எங்கள் சிஸ்டத்தின் உறுப்பு. இரவு பதினொன்றரைக்கு மெஷினை ஒப்படைக்கும் வழக்கமும் உறுப்பு. நாங்கள் கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் சிஸ்டம் என்று நினைத்திருந்தோம்.

அடுத்து அதே பகுதியில் 'எனேபிளிங் சிஸ்டம்' என்று ஒரு சொல். நாம் செய்கிற பொருளின் வாழ்க்கைச் சுழற்சியில் ஏதோ ஒரு கட்டத்தில் அதற்குத் துணை நிற்கும், ஆனால் அது வேலை செய்யும்போது அதன் வேலையில் நேரடியாகப் பங்கெடுக்க வேண்டும் என்றில்லாத இன்னொரு சிஸ்டம். எங்கள் சார்ஜிங் ரேக்! அதை ஒரு துணைப்பொருளாக நினைத்து, கடைசி மாதத்தில் ஏதோ ஒரு மாடலை வாங்கிக் கொடுத்தோம். அதற்கென்று ஒரு பெயரும், அதன் தேவைகளை முன்கூட்டியே கண்டறிந்து ஏற்பாடு செய் என்ற வரியும் இந்த ஸ்டாண்டர்டில் டெக்னிகல் பிராசஸ்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தபோது, எங்களைப் போல எத்தனையோ பேர் ரேக்கை மறந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

மூன்றாவது, வெரிஃபிகேஷனும் வேலிடேஷனும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்டாண்டர்டு இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தில் விளக்கி, ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றுகிறது. எழுதி வைத்த தேவைகள் நிறைவேறின என்று ஆதாரத்தோடு உறுதிசெய்வது வெரிஃபிகேஷன். எந்தப் பயன்பாட்டுக்காகச் செய்கிறோமோ அதற்குரிய தேவைகள் நிறைவேறின என்று ஆதாரத்தோடு உறுதிசெய்வது வேலிடேஷன். எங்கள் டெஸ்டர் முதலாவதைச் சரியாகச் செய்தார். இரண்டாவதை யாருமே செய்யவில்லை; ஒரு கண்டக்டரோடு ஒரு நாள் பஸ்ஸில் போயிருந்தால் போதும்.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் புதியவர்களுக்குச் சொல்லித்தரும்போது விடாமல் எடுப்பது இதைத்தான். விசாரணை அறிக்கை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. நீளமானதும் அல்ல.

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ தளம். எஞ்சினைப் பற்றவைக்கத் தொடங்கி ஏறத்தாழ 37 நொடியில், ராக்கெட் எந்தத் திசையில் எப்படிப் போகிறது என்று சொல்லும் நிலைக்காட்டி அமைப்பு நின்றுபோனது. அதன் சாஃப்ட்வேரில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்டிலிருந்து (தசம எண்ணிலிருந்து) 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று இருந்தது. எண் அந்தப் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது அமைப்பு அதற்கு முந்தைய 72 மில்லிநொடிச் சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றிருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே சாஃப்ட்வேர். நின்றுபோன அமைப்பு அனுப்பிய பிழைக் குறிப்பை, ராக்கெட்டின் கம்ப்யூட்டர் உண்மையான பயணத் தகவல் என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் வாய்களை முழுக்கத் திருப்பியது. ராக்கெட் உடைந்து தன்னையே அழித்துக்கொண்டது. அதிலிருந்த க்ளஸ்டர் ஆய்வுத் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்களும் போயின.

இதைப் பெரும்பாலோர் 'ஓவர்ஃப்ளோ பக்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். அறிக்கையை உட்கார்ந்து படித்தால், அந்த நிரல் ஏரியன் 4-க்கு எழுதப்பட்டது, அங்கே அந்த எண் அவ்வளவு பெரிதாக வர வழியே இல்லை என்பது தெரியும். அப்படியே ஏரியன் 5-க்கு எடுத்துவந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை வேறு, தொடக்கத்திலேயே கிடைமட்ட வேகம் மிக அதிகம். ஆனால் அந்த அமைப்புக்கான தேவை ஆவணத்தில் ஏரியன் 5-இன் பாதைத் தகவல் சேர்க்கப்படவே இல்லை. ஆக, நிரல் தன்னிடம் கேட்டதைச் செய்தது. இன்னொன்று: எண்ணை மாற்றிய அந்தப் பகுதி, ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தது. பழைய ராக்கெட்டில் கவுண்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்காக வைத்திருந்த ஏற்பாடு அது.

இப்போது 15288-ஐத் திறந்து, சிஸ்டம் தேவைகளை வரையறுக்கும் பிராசஸ், ஒருங்கிணைப்பு, வெரிஃபிகேஷன், வேலிடேஷன் ஆகிய பகுதிகளில் 'அவுட்கம்' (அந்த வேலை நடந்தால் கிடைக்க வேண்டிய விளைவு) என்ற தலைப்பின் கீழுள்ள வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் "கூரூவில் இது நடந்ததா?" என்ற கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மாலையில், ஒரு செமஸ்டர் பாடத்தில் கிடைக்காத தெளிவு கிடைக்கும். அந்தப் பரிசோதனையையே உங்கள் சொந்த ப்ராஜெக்டுக்கும் செய்யலாம்.

சரி, அமைப்பு எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 15288 சிஸ்டத்துக்கு, 12207 சாஃப்ட்வேருக்கு. 12207 முதலில் வந்தது 1995-இல். 15288 வந்தது 2002-இல். சாஃப்ட்வேருக்கு விதி எழுதிய பிறகுதான், அது எப்போதும் ஏதோ ஒரு பெரிய சிஸ்டத்துக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்தார்கள். பிறகு இரண்டையும் பொருந்திப்போகும்படி திருத்திக்கொண்டே வந்தார்கள். 2015-இன் 15288-உம் 2017-இன் 12207-உம் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன: நான்கு குழுக்களாக 30 பிராசஸ்கள். ஒப்பந்தம் சார்ந்தவை 2, நிறுவனம் செய்ய வேண்டியவை 6, டெக்னிகல் மேனேஜ்மென்ட் 8, டெக்னிகல் 14. 15288-க்கு 2023-இல் புதிய பதிப்பு வந்திருக்கிறது. இவற்றைக் கவனிக்கும் சர்வதேசத் துணைக்குழுவின் செயலகம் இப்போது நம் இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒரு தவறான புரிதலை முதலிலேயே களைந்துவிடுங்கள். பிராசஸ் என்பது ஃபேஸ் (காலக் கட்டம்) அல்ல. 14 டெக்னிகல் பிராசஸ்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதால், முதலில் இது, முடித்ததும் அது என்று படிக்கத் தோன்றும். "இதெல்லாம் ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று போகும் வாட்டர்ஃபால் காலத்துச் சங்கதி, நாங்கள் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்யும் அஜைல்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. இந்த ஸ்டாண்டர்டுகள் எந்த லைஃப் சைக்கிள் மாடலையும் கட்டாயப்படுத்தவில்லை. பிராசஸ்களை ஒரே சமயத்திலும், திரும்பத் திரும்பவும், சிஸ்டத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் நடத்தலாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அஜைலில் ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வாரச் சுற்று ஒன்றில் நீங்கள் தேவை எழுதுவது, டிசைன் செய்வது, டெஸ்ட் செய்வது, கான்ஃபிகரேஷனை (எந்தப் பதிப்பு எதனோடு சேரும் என்ற கணக்கை) பாதுகாப்பது எல்லாம் நடக்கின்றன. ஒரு வீட்டில் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கணக்குப் பார்ப்பதும் நடப்பது மாதிரி. எது எப்போது என்பது வீட்டுக்காரர் முடிவு.

அப்புறம் 29148. தேவைகளை எழுதுவதைப் பற்றியது. 30 பிராசஸ்களும் மறந்துபோனாலும் பரவாயில்லை, இந்த ஒன்று உங்கள் அன்றாட வேலையை மாற்றிவிடும். முன்பு சாஃப்ட்வேர் தேவைகளை எழுத ஐ ட்ரிபிள் ஈ (IEEE) அமைப்பின் 830 என்று ஒன்று இருந்தது, 1998 பதிப்பை இன்றும் பலர் டெம்ப்ளேட்டாக வைத்திருக்கிறார்கள். அதன் இடத்துக்கு 2011-இல் வந்தது இது, 2018-இல் திருத்தப்பட்டது. நல்ல தேவை ஒன்றுக்கு இருக்க வேண்டிய குணங்களைச் சொல்கிறது: அவசியமானதாக இருக்க வேண்டும், இரு பொருள் தரக்கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரே தேவைதான் இருக்க வேண்டும், செய்யக்கூடியதாகவும் சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும், இப்படி. கூடவே தவிர்க்க வேண்டிய சொற்களின் வகைகளும் உண்டு. 'யூசர் ஃப்ரெண்ட்லி' போன்றவை, 'சிறந்த' போன்றவை, 'முடிந்தால்', 'தேவைக்கேற்ப' என்று தப்பித்துக்கொள்ள வழி விடுபவை. உங்கள் டாக்குமெண்டில் தேடிப் பாருங்கள், பத்துப் பதினைந்தாவது மாட்டும்.

இங்கே நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தமிழில் எழுவாயைச் சொல்லாமலேயே பேசலாம், அழகாகவும் இருக்கும். "பேப்பர் தீர்ந்தா சொல்லிடணும்." யார் சொல்ல வேண்டும், யாருக்கு, எப்போது? கண்டக்டருக்கு மெஷின் பீப் அடித்துச் சொல்ல வேண்டுமா, டிப்போவுக்குத் தகவல் போக வேண்டுமா, தீர்ந்த பிறகா, தீர்வதற்கு இருபது டிக்கெட் முன்பா? பேசும்போது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் இருவரும் ஒரே மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எழுதும்போது அந்த மெஷின் நடுவில் இல்லை. அதேபோல 'வேண்டும்' என்ற ஒரே சொல் கட்டாயத்துக்கும் வருகிறது, ஆசைக்கும் வருகிறது. ஸ்டாண்டர்டின் ஆங்கிலத்தில் கட்டாயத்துக்கு 'ஷல்', விரும்பத்தக்கதற்கு 'ஷுட்', அனுமதிக்கு 'மே' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கஸ்டமரிடம் தமிழில் பேசும்போதே "இது இல்லாவிட்டால் வாங்க மாட்டீர்களா, இருந்தால் நல்லதா?" என்று கேட்டுவிடும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகு வந்தது.

பேட்டரி வரியை இப்போது எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: நான்கு மணி நேரம் டிப்போ ரேக்கில் சார்ஜ் ஆன மெஷின், 20 மணி நேரத்தில் 900 டிக்கெட்டுகளை, அவற்றில் 40 டிக்கெட் தொடர்ச்சியாக வரும் நெரிசல்கள் உட்பட, மறு சார்ஜ் இல்லாமல் அச்சிட வேண்டும். இதை டெஸ்ட் செய்பவர் யாரையும் கேட்காமல் செய்ய முடியும். அதைவிட, இப்படி எழுத உட்காரும்போதே ரேக்கைப் பற்றியும் நெரிசலைப் பற்றியும் யாரிடமாவது போய்க் கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஆர்க்கிடெக்சருக்கு (சிஸ்டத்தின் மொத்தக் கட்டமைப்புக்கு) 42010, தரப் பண்புகளுக்கு 25010 உண்டு. முதலாவதில் யாருக்கு என்ன கவலை என்று தொடங்கி, அந்தக் கவலைக்கு எந்தக் கோணத்திலிருந்து வரைந்த படம் பதில் சொல்கிறது என்று போகும் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 25010 மறதிக்கு மருந்து: வேகம், பாதுகாப்பு, பராமரிப்பு என்று எதையாவது கேட்க விட்டுவிட்டோமா என்று பார்க்கலாம். மருத்துவக் கருவிக்கு ஐஇசி 62304, காருக்கு ஐஎஸ்ஓ 26262, விமானத்துக்கு டிஓ-178சி என்று வருபவை வேறு ரகம். அவை உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தவை, பெரும்பாலும் சான்றிதழோடோ ஒப்புதலோடோ கட்டுண்டவை. துறையைப் புரிந்துகொள்ள அங்கிருந்து தொடங்காதீர்கள். மேலே சொன்ன சொற்கள் தெரியாமல் போனால் அவை வெறும் கட்டளைகளாகத் தெரியும்.

ஆடிட் காகிதமா என்று கேட்டீர்களே. அப்படி ஆக்கிவிட முடியும், ஆக்கியும் இருக்கிறார்கள். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். தரையிலிருந்த சாஃப்ட்வேர் ஒன்று விண்கலத்தின் சிறு உந்துதல்களைப் பவுண்டு-விசை நொடிகளில் எழுதியது. படித்த சாஃப்ட்வேர் அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. 1999 செப்டம்பர் 23-இல், 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரை இறங்கித் தொலைந்தது. இதில் மனதை அறுக்கும் விஷயம், நியூட்டன் நொடிதான் என்று இன்டர்ஃபேஸ் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. காகிதம் இருந்தது. வெளியே வந்த கோப்பை அந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை. அதனால் உங்கள் நிறுவனத்தில் டாக்குமெண்ட் கேட்டால், "இதை வைத்து யார் எதைச் சரிபார்க்கப் போகிறார்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அக்கறையோடு எழுதுங்கள். வராவிட்டால் ஸ்டாண்டர்டிலேயே 'டெய்லரிங்' என்று, வேண்டாததை காரணம் சொல்லிக் கழிக்க முறை இருக்கிறது. அதைக் காட்டிப் பேசுங்கள்.

விலையைப் பற்றி. இவை மலிவு அல்ல, சொந்தக் காசில் வாங்க வேண்டாம், முதலில் ஆபீஸ் நூலகத்தில் கேளுங்கள். ஐஎஸ்ஓ-வின் இணையத் தளத்தில் ஒவ்வொரு ஸ்டாண்டர்டின் முன்னுரையும் நோக்கமும் சொல் விளக்கங்களும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. நான் முதலில் படிக்கச் சொல்வதும் அந்தச் சொல் விளக்கங்களைத்தானே, அதனால் தொடங்க இதுவே போதும். செவோகேப் (SEVOCAB) என்ற இலவசச் சொல் தேடல் தளத்தில் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு ஸ்டாண்டர்டுகள் தரும் விளக்கங்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். மீட்டிங் சண்டைகளில் பாதி எதனால் என்று அங்கே தெரியும். விரிவாக வேண்டுமென்றால் துறை அறிவைத் தொகுத்துத் தரும் வழிகாட்டிகள் உண்டு: சாஃப்ட்வேருக்கு ஸ்வேபோக் (SWEBOK), சிஸ்டத்துக்கு செபோக் (SEBoK), இரண்டும் இலவசம். ஐந்தாறு பேர் கொண்ட குழு என்றால் 29110-ஐப் பாருங்கள். 25 பேர் வரையுள்ள சின்ன நிறுவனங்களுக்கென்றே எழுதியது, அதன் வழிகாட்டிப் பகுதிகள் பலவற்றை ஐஎஸ்ஓ இலவசமாகத் தருகிறது.

உங்கள் புது ப்ராஜெக்ட் என்ன பொருள் என்று எழுதவில்லை. யார் கையில் போய்ச் சேரும், இரவில் அது எங்கே வைக்கப்படும் என்ற இரண்டையும் மட்டும் விசாரித்து எழுதுங்கள். எந்தப் பகுதியை முதலில் திறக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.